வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பேனலின் சொற்களைப் படிப்பது எப்படி

எஃகு உதிரிபாகங்களைக் கடினப்படுத்தும் மின்சார உலைக்கு முன்னால் முதன்முறையாக நிற்கும் இளம் பணியாளர் உலையைக் கண்டு மிரளுவதில்லை. அதன் பக்கத்துப் பேனலில் மாறி மாறி ஒளிரும் சுருக்கெழுத்துகளைக் கண்டுதான் மிரளுகிறார். பேனலில் இருந்தபடி வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியான கண்ட்ரோலருடன் வரும் கையேடு, மெனுவில் சொற்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அந்த வரிசையிலேயே அவற்றை விளக்கிச் செல்கிறது. அப்படிப் படித்தால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. உலைக்குள் இருக்கும் வெப்பம் மின்சைகையாக மாறி, கம்பி வழியே கண்ட்ரோலரை அடைந்து, அங்கே ஒரு முடிவாகி, அந்த முடிவு மறுபடியும் ஹீட்டருக்கே திரும்புகிறது அல்லவா, அந்தப் பாதையில் நடந்துகொண்டே ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய இடத்தில் வைத்துப் படிப்பதே நல்ல முறை. பழுது வரும்போது எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஓர் உலையையே எடுத்துக்கொள்வோம். வெப்பநிலையை அளக்கும் உணரியாகக் கே வகைத் தெர்மோகப்பிள் பொருத்தப்பட்டது, கண்ட்ரோலரின் அளவீட்டு எல்லை, அதாவது ரேஞ்ச், 0 முதல் 1200 டிகிரி செல்சியஸ், ஈ.என். 8 என்ற வகை எஃகைக் கடினப்படுத்த 850 டிகிரி வேண்டும்.

முகப்பில் தெரியும் இரண்டு எண்கள்

பெரும்பாலான கண்ட்ரோலர்களில் மேல் வரிசையில் பெரிதாகத் தெரியும் எண் பி.வி., அதாவது இந்த நொடியில் உணரி காட்டும் நடப்பு வெப்பநிலை. கீழே சற்றுச் சிறிதாகத் தெரிவது எஸ்.வி. அல்லது எஸ்.பி., நாம் கேட்டிருக்கும் இலக்கு வெப்பநிலை. பட்டறையில் இதை செட் பாயிண்ட் என்றே சொல்வார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிழை எனப்படுகிறது. இங்கே பிழை என்பது தவறு அன்று; இலக்கை எட்ட இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு மட்டுமே. அந்தப் பிழையைப் பார்த்து ஹீட்டருக்கு எத்தனை சதவீத மின்திறன் தர வேண்டும் என்று கண்ட்ரோலர் எடுக்கும் முடிவு அவுட்புட். உணரியிடமிருந்து வரும் செய்தியைக் கொண்டு அவுட்புட் தன்னைத் திருத்திக்கொண்டே இருப்பதால் இந்த அமைப்பை மூடிய சுற்று, க்ளோஸ்டு லூப், என்கிறோம். கண்ட்ரோலரை மேனுவல் நிலைக்கு மாற்றி 30 சதவீதம் என்று நாமே எண்ணைப் பதிந்துவிட்டால் சுற்று திறந்துவிடுகிறது. அதன்பின் உலை எங்கே போனாலும் கண்ட்ரோலர் கவலைப்படாது.

ஏழு கோடுகளால் எழுத்தைக் காட்டும் பழைய வகைத் திரைகளில் சில எழுத்துகள் அடையாளமே தெரியாத வடிவில் வரும். கையேட்டின் முதல் பக்கங்களில் அந்த வடிவங்களுக்கான அட்டவணை இருக்கும். அதை நகலெடுத்துப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது நல்லது.

உணரியும் கம்பியும்

இந்தப் பகுதியில் நிதானமாக நின்று படிக்க வேண்டும். கண்ட்ரோலரின் மேல் சுமத்தப்படும் குறைகளில் பெரும்பங்கு உண்மையில் இங்கேதான் பிறக்கிறது என்பது என் அனுபவம்.

இருவேறு உலோகக் கம்பிகளின் ஒரு முனையை இணைத்துச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. 1821-இல் தாமஸ் சீபெக் கண்ட இந்த விளைவே தெர்மோகப்பிளின் அடிப்படை. கே வகையில் குரோமெல், அலுமெல் என்ற இரு கலப்புலோகங்கள் பயன்படுகின்றன. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். இரும்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்தது ஜே வகை. பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்களில் இதை மிகுதியாகக் காணலாம். ஆயிரம் டிகிரிக்கு மேல் நெடுநேரம் வேலை செய்ய வேண்டுமென்றால் பிளாட்டினமும் ரோடியமும் கலந்த எஸ் அல்லது ஆர் வகைக்குப் போக வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். கண்ட்ரோலரின் மெனுவில் இன்புட் வகை என்று கேட்கப்படும் இடத்தில், உலையில் உண்மையில் எது பொருத்தப்பட்டிருக்கிறதோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கே வகை உணரியை மாட்டிவிட்டு ஜே என்று பதிந்தால் திரையில் ஏதோ ஓர் எண் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது பொய்யான எண்.

தெர்மோகப்பிள் நேரடியாக வெப்பநிலையைச் சொல்வதில்லை. சூடான முனைக்கும், கம்பிகள் கண்ட்ரோலரில் முடியும் குளிர்முனைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே சொல்கிறது. குளிர்முனையின் வெப்பநிலையைத் தனியே அளந்து கண்ட்ரோலர் அதனோடு கூட்டிக்கொள்வதே குளிர்முனை ஈடுசெய்தல். இதை அறியாதவர் மல்டிமீட்டரை வைத்து அளந்து குழம்புவார். உலை 850 டிகிரியிலும் பேனலுக்குள் வெப்பநிலை 35 டிகிரியிலும் இருக்கும்போது, கண்ட்ரோலரின் முனைகளில் ஏறத்தாழ 33.9 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். கே வகைக்குரிய மின்னழுத்த அட்டவணையில் நேராகத் தேடினால் அது 815 டிகிரி. பேனலின் 35 டிகிரிக்கு உரிய 1.4 மில்லிவோல்ட்டைக் கூட்டினால் 35.3 மில்லிவோல்ட், அதாவது 850 டிகிரி, கிடைத்துவிடும்.

குளிர்முனை ஈடுசெய்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மின்சாரத்தை அணைத்து, கண்ட்ரோலரின் உணரி முனைகளிலிருந்து தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, ஒரு சிறு செப்புக் கம்பித் துண்டால் அந்த இரு முனைகளையும் இணைக்க வேண்டும். ஹீட்டர் சுற்றின் மின்வழியைத் துண்டித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு கண்ட்ரோலருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால், பி.வி. பேனலின் உள்வெப்பநிலையைக் காட்ட வேண்டும். காட்டினால் கண்ட்ரோலரின் உள்ளீட்டுப் பகுதி பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று கொண்டு, கம்பியின் பக்கம் திரும்பலாம்.

கம்பி என்றதும் சாதாரண மின்கம்பியை நினைக்கக் கூடாது. உலைக்கு வெளியே இருக்கும் தெர்மோகப்பிளின் தலைப்பகுதியிலிருந்து பேனல் வரை, அதே மின்னியல்பு கொண்ட காம்பன்சேட்டிங் கேபிளைத்தான் இழுக்க வேண்டும். அங்கே செப்புக் கம்பியைப் போட்டால், தலைப்பகுதி 60 டிகிரியும் பேனல் 35 டிகிரியும் இருக்கும்போது அளவீடு 25 டிகிரி குறையும். சரியான கேபிளையே போட்டு, அதன் இரு முனைகளிலும் துருவத்தை மாற்றி இணைத்துவிட்டால் பிழை இரட்டிப்பாகி 50 டிகிரி ஆகும். அதாவது திரை 850 என்று காட்டும், உலைக்குள் 900 டிகிரி இருக்கும். ஒரு பட்டறையில் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். சிவப்பு என்றால் நேர்முனை என்ற பழக்கத்தில் இணைத்தேன்; ஆனால் அந்தக் கேபிள் அமெரிக்க முறையைச் சேர்ந்தது. அந்த முறையில் கே வகைக்கு மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. பன்னாட்டு ஐ.இ.சி. முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. இந்தத் தவறு காலையில் பிடிபடாது என்பதுதான் இதன் கொடுமை: உலை ஆறியிருக்கும்போது தலைப்பகுதியும் பேனலும் ஒரே வெப்பநிலையில் இருப்பதால் அளவீடு மிகச் சரியாகவே தெரியும். ஆகவே துருவத்தை உலை சூடான பிறகுதான் சோதிக்க வேண்டும். தனியான ஒரு சோதனைத் தெர்மோகப்பிளையும் கையடக்கக் காட்டியையும் அருகில் வைத்து ஒப்பிடுவதே நம்பகமான முறை.

ஆர்.டி.டி. என்பது வேறு வகை உணரி. இதில் பிளாட்டினக் கம்பியின் மின்தடை வெப்பத்தோடு ஏறுகிறது. பி.டி. 100 என்ற பெயரில் உள்ள நூறு, 0 டிகிரியில் அதன் தடை 100 ஓம் என்பதைக் குறிக்கிறது. 100 டிகிரியில் அது 138.51 ஓம் ஆகும். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் அளவே மாற்றம் என்பதால், இணைப்புக் கம்பியின் தடை ஓர் ஓம் கூடினாலே அளவீடு 2.6 டிகிரி ஏறிவிடும். மூன்றாவது கம்பி அந்தத் தடையைக் கழிப்பதற்காகவே வருகிறது. மூன்று கம்பிகள் கொண்ட ஆர்.டி.டி.யை வாங்கிவிட்டு, பாதி வழியில் இரண்டு கம்பியாகச் சுருக்கிக் கொண்டுவருவது பணத்தை வீணாக்கும் வேலை. உலர்த்தும் அறை, சாயத் தொட்டி போன்ற சில நூறு டிகிரிக்கு உட்பட்ட இடங்களுக்கே ஆர்.டி.டி. ஏற்றது, நம் 850 டிகிரி உலைக்குப் பொருந்தாது.

உணரி அறுந்துவிட்டால் கண்ட்ரோலர் என்ன செய்யும் என்பதைக் குறிக்கும் சொல் பர்ன் அவுட். அறுந்தால் அளவீடு உச்சத்துக்கு ஏறுமாறு, அதாவது அப்ஸ்கேல் என்று வைத்தால், உலை மிகச் சூடாக இருப்பதாகக் கருதி ஹீட்டர் அணைந்துவிடும். உலைக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு. ஆனால் கேபிள் அறுபடாமல், வழியில் எங்கோ நசுங்கி இரு கம்பிகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் பர்ன் அவுட் வேலை செய்யாது. தொட்டுக்கொண்ட இடத்தின் வெப்பநிலையே திரையில் தெரியும். உலை ஆறியிருக்கிறது என்று நம்பிக் கண்ட்ரோலர் முழு மின்திறனையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவுட்புட் முழுமையாக இருந்தும் வெப்பநிலை அசையவில்லை என்பதைக் கவனித்து எச்சரிக்கும் லூப் பிரேக் அலாரம் இந்த ஆபத்துக்காகவே உள்ளது. உங்கள் கண்ட்ரோலரில் அது இருந்தால் தயங்காமல் இயக்கி வையுங்கள்.

ஆன்-ஆஃப் முதல் பி.ஐ.டி. வரை

மிக எளிய கட்டுப்பாடு ஆன்-ஆஃப். 850-ஐத் தொட்டதும் அணைக்கும், அதற்குக் கீழே இறங்கியதும் ஏற்றும். ஒரே புள்ளியில் இரண்டும் நடந்தால், ஹீட்டருக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்பதால், 850-இல் அணைத்து 846-இல் ஏற்றுவது போல இடைவெளி விடுகிறோம். இந்த இடைவெளிக்கு ஹிஸ்டிரிசிஸ் என்று பெயர். ஹீட்டர் அணைந்த பின்னும் செங்கல் சுவரிலும் ஹீட்டர் கம்பியிலும் தேங்கிய சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் வெப்பநிலை இலக்கைத் தாண்டிப் போகிறது, இது ஓவர்ஷூட். மேலும் கீழுமாக ஓயாமல் ஊசலாடினால் அது ஹண்டிங்.

ஊசலாட்டத்தைத் தவிர்க்க, இலக்கை நெருங்க நெருங்க மின்திறனைக் குறைப்பது ப்ரபோர்ஷனல் கட்டுப்பாடு. எந்த அகலத்துக்குள் குறைக்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்வது ப்ரபோர்ஷனல் பேண்ட், தமிழில் விகிதப் பட்டை. நம் கண்ட்ரோலரில் இதை 5 சதவீதம் என்று வைத்தால், 1200-இல் 5 சதவீதமான 60 டிகிரி பட்டையின் அகலமாகும். பட்டை இலக்குக்குக் கீழே அமையும் கண்ட்ரோலரில் 790 டிகிரி வரை முழு மின்திறன், 820-இல் பாதி, 850-இல் சுழியம். இப்போது ஒரு சிக்கல் எழுகிறது. 850-இல் நிலைத்து நிற்க இந்த உலைக்கு 30 சதவீத மின்திறன் தேவை என்று வைத்துக்கொண்டால், அந்த 30 சதவீதம் 832 டிகிரியில்தான் கிடைக்கிறது. எனவே உலை 832-லேயே நின்றுவிடும். இலக்குக்கும் நிலைத்த வெப்பநிலைக்கும் உள்ள இந்த 18 டிகிரி இடைவெளி ஆஃப்செட் எனப்படுகிறது.

இதே ஆஃப்செட் என்ற சொல் மெனுவில் வேறொரு பொருளிலும் வருகிறது. உணரியின் அளவீட்டோடு நாம் கூட்டும் அல்லது கழிக்கும் திருத்தத்துக்கும் அதே பெயர்தான். உலை 18 டிகிரி குறைவாக நிற்கிறதே என்று அந்தத் திருத்தத்தில் 18-ஐப் பதிபவர், நோயை விட்டுவிட்டு வெப்பமானியைத் திருத்துகிறார். அளவுத்திருத்தச் சான்றிதழ் சொல்லும் எண்ணைத் தவிர வேறெதையும் அங்கே பதியக் கூடாது.

நிலைத்துவிட்ட இடைவெளியைப் போக்குவது இன்டெக்ரல். பிழை எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதைக் கூட்டிக்கொண்டே போய், அதற்கேற்ப மின்திறனை மெல்ல உயர்த்துகிறது. இடைவெளி மறையும் வரை அது ஓய்வதில்லை. பழைய கருவிகளில் இதை ரீசெட் என்று எழுதியிருப்பார்கள். மூன்றாவதான டெரிவேடிவ், பிழை மாறும் வேகத்தைக் கவனிக்கிறது. பால் பொங்கி எழும் வேகத்தைப் பார்த்து, அது விளிம்பைத் தொடுவதற்கு முன்பே அடுப்பைத் தணிப்பவர் செய்வது இதைத்தான். இம்மூன்றும் சேர்ந்ததே பி.ஐ.டி.

எண்களை மாற்றும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விகிதப் பட்டையின் எண்ணைக் கூட்டினால் அதன் செயல் மென்மையாகிறது. நொடிகளில் தரப்படும் இன்டெக்ரல் நேரத்தைக் கூட்டினாலும் அதன் செயல் மெதுவாகிறது. ஆனால் டெரிவேடிவ் நேரத்தைக் கூட்டினால் அதன் செயல் வலுக்கிறது. எனவே உலை ஊசலாடினால் முதலில் பட்டையை அகலப்படுத்துங்கள். பிறகு இன்டெக்ரல் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு எண்களை மாற்றாதீர்கள், மாற்றிய பின் உலைக்குப் போதிய நேரம் கொடுங்கள். செங்கல் உலை ஒரு மாற்றத்துக்குப் பதில் சொல்லப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஹீட்டர் ஏறியதற்கும் பி.வி. அசையத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் டெட் டைம். அசையத் தொடங்கியபின், மொத்த மாற்றத்தில் ஏறத்தாழ 63 சதவீதத்தை அடைய ஆகும் நேரம் டைம் கான்ஸ்டன்ட். டெட் டைம் நீண்ட உலையை அடக்குவது கடினம். தெர்மோகப்பிளைத் தடித்த பாதுகாப்புக் குழாய்க்குள் வைத்தால் அது இன்னும் நீளும்.

எண்களைக் கணிக்கும் முறையை 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் வகுத்துத் தந்தார்கள். இன்று அந்த வேலையை ஆட்டோ டியூன் பார்த்துக்கொள்கிறது. இதை இயக்கினால் கண்ட்ரோலர் ஹீட்டரை முழுமையாக ஏற்றியும் அணைத்தும் வெப்பநிலையை வேண்டுமென்றே சில முறை ஊசலாட வைத்து, அந்த ஊசலின் உயரத்தையும் கால அளவையும் கொண்டு மூன்று எண்களையும் கணக்கிடும். ஊசலின்போது வெப்பநிலை 850-ஐத் தாண்டும் என்பதால் வாடிக்கையாளரின் பாகங்களை உள்ளே வைத்து ஆட்டோ டியூன் செய்யக் கூடாது. அதற்காக வெற்று உலையிலும் செய்ய வேண்டாம். வழக்கமான எடைக்குக் கழிவு இரும்பை அடுக்கிக்கொண்டு, வழக்கமான வெப்பநிலையிலேயே செய்ய வேண்டும். கதவு திறந்தோ காண்டாக்டர் விழுந்தோ ஹீட்டர் நெடுநேரம் துண்டிக்கப்பட்டிருக்கையில் இன்டெக்ரல் தன் கணக்கைக் கூட்டிக்கொண்டே போய், மின்சாரம் திரும்பியதும் உலையை வெகுதூரம் தாண்டச் செய்வதும் உண்டு. அதன் பெயர் வைண்ட் அப். அப்போது டியூனிங்கில் கைவைக்காதீர்கள், குற்றம் அங்கே இல்லை.

ரிவர்ஸ், டைரக்ட் என்ற இரண்டு சொற்களும் பெயரால் ஏமாற்றுபவை. வெப்பநிலை ஏற ஏற அவுட்புட் குறைய வேண்டும் என்பதால், சூடாக்கும் வேலைக்கு வைக்க வேண்டியது ரிவர்ஸ். குளிரூட்டும் வேலைக்கு டைரக்ட்.

முடிவு ஹீட்டரை அடையும் வழி

அவுட்புட் 30 சதவீதம் என்றால் ஹீட்டருக்கு 30 சதவீத மின்னழுத்தம் போகிறது என்று பொருள் கொள்ள வேண்டாம். சைக்கிள் டைம் 20 நொடி என்று வைத்திருந்தால், அதில் 6 நொடி முழு மின்சாரம், 14 நொடி ஓய்வு. காண்டாக்டர் இருக்கும் பேனலில் இந்த நேரத்தை 20 நொடிக்குக் குறைக்காமல் இருப்பது நல்லது. 2 நொடி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 43,200 முறை அடிக்கும். பத்து லட்சம் இயக்கங்களைத் தாங்கும் காண்டாக்டர்கூட 23 நாளில் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். அசையும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.ஆருக்கு, அதாவது சாலிட் ஸ்டேட் ரிலேக்கு, 1 அல்லது 2 நொடி தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒரு ஆம்பியருக்கு ஏறத்தாழ ஒரு வாட் வீதம் அது தானே சூடாகும் என்பதால் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் இன்றி அதைப் பொருத்தக் கூடாது.

எஸ்.எஸ்.ஆர். பழுதாகும்போது பெரும்பாலும் திறந்து நிற்பதில்லை; ஷார்ட் ஆகி, எப்போதும் மின்சாரம் ஓடும் நிலையில் நின்றுவிடும். கண்ட்ரோலர் சுழியம் என்று சொல்லிக்கொண்டிருக்க, உலை ஏறிக்கொண்டே போகும். இதைத் தடுக்கவே தனித் தெர்மோகப்பிளும் தனிக் காண்டாக்டரும் கொண்ட இரண்டாவது கருவியை, ஓவர் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் என்ற பெயரில் வைக்கிறோம். முதல் கருவியிலேயே உள்ள ஹை அலாரத்தை இதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. ஒரே உணரி பொய் சொன்னால் இரண்டும் சேர்ந்தே ஏமாறும். அலாரங்களில் அப்சொல்யூட் என்பது 880 போன்ற ஒரு நிலையான எண்ணில் ஒலிப்பது; டீவியேஷன் என்பது செட் பாயிண்டிலிருந்து இத்தனை டிகிரி விலகினால் ஒலிப்பது, செட் பாயிண்டை மாற்றினால் தானும் கூடவே நகர்வது.

சில பேனல்களில் அவுட்புட் 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக, ஹீட்டருக்குப் போகும் மின்திறனைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டருக்குப் போகிறது. தொடக்கம் சுழியமாக இல்லாமல் 4 ஆக இருப்பதற்குக் காரணம் உண்டு: 4 வந்தால் அவுட்புட் சுழியம், 0 வந்தால் கம்பி அறுந்துவிட்டது. வெப்பநிலையை வேறொரு பதிவுக்கருவிக்கு அனுப்பவும் இதே சைகை பயன்படுகிறது. அப்போது இரு கருவிகளின் ரேஞ்சும் ஒன்றாக இருக்க வேண்டும். 0 முதல் 1200 என்ற ரேஞ்சில் 850 டிகிரி என்பது 15.33 மில்லிஆம்பியர், பதிவுக்கருவியில் 0 முதல் 1000 என்று வைத்திருந்தால் அதே சைகையை அது 708 டிகிரி என்று எழுதிவைக்கும்.

ரேம்ப், சோக், சான்றிதழ்

மணிக்கு இத்தனை டிகிரி என்ற வேகத்தில் ஏற்றுவது ரேம்ப்; ஏறிய வெப்பநிலையில் நிறுத்திவைப்பது சோக். கடினப்படுத்தலில் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற பழைய கணக்குப் பட்டறைகளில் இன்றும் வழங்குகிறது. உலையின் தெர்மோகப்பிள் 850-ஐத் தொட்ட நொடியில் பாகத்தின் நடுப்பகுதி அந்த வெப்பநிலைக்கு வந்திருக்காது என்பதை மறந்து நேரத்தை எண்ணத் தொடங்குவது தவறு. பி.வி. இலக்கை நெருங்கும் வரை கடிகாரத்தை நிறுத்திவைக்கும் ஹோல்ட்பேக் என்ற வசதியை இயக்கிவைத்தால் பாதிப் பிழை நீங்கும். மீதிக்கு, பாகம் சூடாகும் நேரத்தை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரே உலைக்குள் கதவோரம் ஒரு வெப்பநிலையும் பின்சுவரோரம் வேறொன்றும் இருக்கும். அறையின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் ஆக ஒன்பது தெர்மோகப்பிள்களை வைத்து அளக்கும் சோதனைக்கு யூனிஃபார்மிட்டி சர்வே என்று பெயர். விமானத் துறைக்கான ஏ.எம்.எஸ். 2750 தரநிலை உலைகளை இந்தச் சீர்மையைக் கொண்டே வகுக்கிறது: முதல் வகுப்பில் கூடுதல் குறைவு 3 டிகிரிக்குள், ஐந்தாம் வகுப்பில் 14 டிகிரிக்குள். ரெசல்யூஷன் என்பது திரையில் தெரியும் மிகச் சிறிய படி மட்டுமே. 850.3 என்று தசமத்தோடு காட்டும் கருவி, அக்யூரசியில், அதாவது துல்லியத்தில், 5 டிகிரி விலகியிருக்கவும் கூடும். அக்யூரசியை அறிய அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். இந்தியாவில் அதை, ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்துகொள்வது வழக்கம். கொதிநீரில் உணரியை வைத்து 100 டிகிரி வருகிறதா என்று பார்ப்பவர்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் 0 டிகிரியைச் சோதிப்பதே எந்த ஊருக்கும் பொருந்துவது.

எல்லாம் சரியாக அமைந்தபின் இன்புட் வகை, ரேஞ்ச், விகிதப் பட்டை, இன்டெக்ரல், டெரிவேடிவ், சைக்கிள் டைம், அலாரம் எல்லை, திருத்த ஆஃப்செட் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு, கண்ட்ரோலரின் லாக் வசதியை இயக்குங்கள். செட் பாயிண்டை மட்டும் உலையை இயக்குபவருக்குத் திறந்துவைத்தால் போதும்.